பந்தியில உக்கார வெச்சா போதுமா, வாளியையும் கையில கொடுக்கணுமா?

எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் ஏதோ செமினார் போஸ்டரைப் பாத்துட்டு வந்து கேட்டான், அண்ணே, வெளியூர்லேர்ந்து பொழைக்க வந்தவங்களை நகரத்துல சேர்த்துக்கறதுக்கு கலையும் மீடியாவும் உதவும்னு போட்டிருக்காங்களே, இது என்ன கதைண்ணே, அவங்களுக்கு வேண்டியது ஒழுங்கான சம்பளம், தண்ணி வர்ற ரூம், அடிபட்டா ஆஸ்பத்திரி, இதுல பாட்டும் டான்ஸும் எங்கேர்ந்து வருதுன்னு. நியாயமான கேள்விதான். நானும் ரொம்ப நாள் அப்டித்தான் நெனச்சிட்டிருந்தேன். அவனுக்கு டீக்கடையில நின்னு சொன்னதை கொஞ்சம் விரிச்சு இங்க எழுதறேன், விஷயம் புதுசா இருக்கறவங்களுக்காக. தெரிஞ்சவங்க தள்ளிவிட்டுட்டுப் போயிடுங்க.

முதல்ல 2023 மார்ச் மாசத்தை ஞாபகப்படுத்திக்கங்க. தமிழ்நாட்டுல பீகார் ஆளுங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு சில வீடியோ வாட்ஸ்அப்புல சுத்துச்சுல்ல? அதுல ஒண்ணு பீகார்க்காரங்களே ரெண்டு கோஷ்டியா மோதிக்கிட்டது, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்த சண்டைன்னு அப்ப டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு வெளக்கம் சொன்னாரு. போலீஸ் ஹிந்தியிலயே பேசி வீடியோ போட்டாங்க, பீகார் சட்டமன்றத்துல கலாட்டா, அங்கேர்ந்து அதிகாரிங்க குழு கெளம்பி வந்து நேர்ல பாத்துட்டுப் போச்சு. ஹோலி வேற நெருங்கிட்டதால பண்டிகைக்கு ஊருக்குப் போறவன் எவன், பயந்து போறவன் எவன்னே பிரிச்சுப் பாக்க முடியல. எங்க தெருமுனை ஹோட்டல்ல பரோட்டா கல்லு ஒரு வாரம் காஞ்சு கெடந்துச்சு, முதலாளியே கரண்டியைப் பிடிச்சாரு, அது தோசையா பரோட்டாவான்னு சாப்பிட்ட யாருக்கும் புரியல.

இதுல கவனிங்க. அவங்க சம்பளம் குறையல, ரூமை காலி பண்ணச் சொல்லல, சட்டம் எதுவும் மாறல. போன்ல வந்த நாலஞ்சு வீடியோ, அவ்ளோதான். ஒரு பொய்ச் செய்தியால ஆளுங்களை ஒரே வாரத்துல சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் ஓட வைக்க முடியும்னா, உண்மையான செய்தியால, பாட்டால, நாடகத்தால ஏதாவது பண்ண முடியுமா முடியாதா? இந்தக் கேள்விதான் மொத்த விஷயமும்.

சரி, 'சேர்த்துக்கறது'ன்னா என்ன? புஸ்தகத்துல உள்ளடக்கம், ஒருங்கிணைப்புன்னு வாயில நுழையாத பேரெல்லாம் இருக்கும். நான் கல்யாண வீட்டை வெச்சு சொல்றேன். கல்யாண மண்டபத்துல ஒருத்தரை உள்ளயே விடலைன்னா அது ஒதுக்கறது. உள்ள விட்டு, கடைசிப் பந்தியில மிச்சம் மீதியைப் போட்டா அது பொறுத்துக்கறது. நீ எங்க மாதிரியே வேட்டி கட்டிக்கிட்டு, எங்க மாதிரியே பேசினாத்தான் எலை போடுவோம்னா அது கரைச்சுக்கறது. முதல் பந்தியில மரியாதையா உக்கார வெச்சா? அது விருந்தோம்பல், நல்ல விஷயம், ஆனா அதுவும் முழுசா சேர்த்துக்கறது இல்ல, ஏன்னா விருந்தாளிதான் பந்தியில உக்காந்தே இருப்பான், வீட்டு மனுஷன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு பரிமாற வந்துடுவான். யாரும் கேக்காமயே 'அந்தப் பக்கம் ரசம் வரல பாரு'ன்னு சத்தம் போடற உரிமை எப்ப ஒருத்தனுக்கு வருதோ அப்ப அவன் நம்ம வீட்டு ஆளு. கலையிலயும் மீடியாவிலயும் அந்த வாளிதான் மைக், கேமரா, பேனா. அது யார் கையில இருக்குங்கறதைப் பாத்தா பாதி விஷயம் புரிஞ்சிடும்.

சென்னையில யாரு வந்தவங்க, யாரு இருந்தவங்கன்னு கேட்டா அது பெரிய ரகளை. ரெண்டு தலைமுறை தாண்டினா நம்மள்ல பாதிப் பேரு திருநெல்வேலி, ராம்நாடு, வேலூர்னுதான் வந்து நிப்போம். பொங்கலுக்கு ஊர் காலியாகறப்ப தெரியும்ல. 'வந்தாரை வாழவைக்கும்'னு பெருமையா சொல்லிக்கறோம், ஆனா அந்தப் பெருமை ஏசி ரூம்ல வேலை பாக்கற வங்காளி மேனேஜருக்கு ஒரு மாதிரியும் சாரத்துல ஏறி கலவை தூக்கற வங்காளிக்கு வேற மாதிரியும் இருக்கு, மொதல் ஆளை யாரும் 'புலம்பெயர் தொழிலாளர்'னு சொல்றது இல்ல பாருங்க. ஒரே ஊர், ஒரே பாஷை. 2015-16ல தொழிலாளர் துறை எடுத்த கணக்குல தமிழ்நாட்டுல வெளிமாநிலத் தொழிலாளிங்க 10.67 லட்சம்னு வந்துச்சு, அதுல பெரும் பங்கு சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம்தான். இன்னிக்கு ஓஎம்ஆர்ல ஒரு ரவுண்டு போனா அந்தக் கணக்கெல்லாம் பழசுன்னு கண்ணாலயே தெரியும்.

இங்க எனக்கு ரொம்ப நாளா தோணற ஒரு விஷயம். வந்தவங்கள்ல யாரு கைக்கு ஒரு ஸ்டுடியோவோ ஒரு பத்திரிகையோ கெடைச்சுதோ, அவங்களை வந்தவங்கன்னு சொல்றதையே நாம மறந்துட்டோம். கோடம்பாக்கத்தையே பாருங்க, ஒரு காலத்துல தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம்னு நாலு பாஷைப் படமும் இங்கதான் உருவாச்சு, வாஹினி ஸ்டுடியோ நடத்தின நாகி ரெட்டி ஆந்திராக்காரரு, அவரும் சக்ரபாணியும் சேர்ந்து 1947ல தெலுங்குல சந்தமாமாவையும் தமிழ்ல அம்புலிமாமாவையும் ஆரம்பிச்சாங்க. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறதைப் படிச்சு வளர்ந்த எந்தத் தமிழ்ப் பிள்ளையாவது இது வெளியூர்க்காரங்க புஸ்தகம்னு நெனச்சிருக்குமா? பெங்களூர்ல பஸ் கண்டக்டரா இருந்துட்டு வந்தவரை நாம எங்க தூக்கி வெச்சிருக்கோம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதே சமயம் 1960கள்ல பர்மாவுலேர்ந்து வந்த தமிழர்களைப் பத்தி பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோங்கற பர்மா நூடுல்ஸ் சாப்பிடறப்ப மட்டும்தான் ஞாபகம் வருது. அவங்க பேசினது தமிழ்தான், ஆனா அவங்க கதையைச் சொல்ல ஸ்டுடியோவும் இல்ல, பத்திரிகையும் இல்ல, தட்டு நெறைய நூடுல்ஸ் மட்டும்தான் இருந்துச்சு.

இப்ப மீடியா என்ன செய்ய முடியும்னு பாப்போம். இதுல மொத வேலை ரொம்ப சாதாரணமானது, தகவல் சொல்றது, அவங்களுக்குப் புரியற பாஷையில. ஆஸ்திரேலியாவுல 1975ல மெடிபேங்க்னு ஒரு அரசு மருத்துவத் திட்டம் வந்துச்சு. இங்கிலீஷ் தெரியாத குடியேறிகளுக்கு அதை எப்படிப் புரியவைக்கறதுன்னு சிட்னியில 2இஏ, மெல்போர்ன்ல 3இஏன்னு ரெண்டு ரேடியோவை ஆரம்பிச்சாங்க, ஏழெட்டு பாஷையில, மூணே மாசத்துக்குன்னு. அந்த மூணு மாசம் இன்னும் முடியல. அதுதான் பின்னாடி எஸ்பிஎஸ்ங்கற பல பாஷை ஒலிபரப்பு நிறுவனம் ஆச்சு, இன்னிக்கு அதுல தமிழ் நிகழ்ச்சியும் வருது. ஜெர்மனியில கொலோன் நகரத்துலேர்ந்து துருக்கித் தொழிலாளிங்களுக்கு 1964லயே ரேடியோ நிகழ்ச்சி ஆரம்பிச்சுட்டாங்க, ஆளெடுக்க துருக்கியோட ஒப்பந்தம் போட்டு மூணு வருஷத்துல. இதுல கலை எதுவும் இல்லையேன்னு தோணலாம், ஆனா ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு சொல்ற நிகழ்ச்சிக்கு நடுவுல ஊர்ப்பாட்டு ஒண்ணு போட்டாத்தான் ரேடியோவை அணைக்காம வெச்சிருப்பான், அது தனிக்கதை, கடைசியில வர்றேன்.

நம்ம ஊர்ல இதுக்கு வழி இல்லாமலும் இல்ல. இந்தியாவோட முதல் கேம்பஸ் சமுதாய வானொலி நம்ம அண்ணா பல்கலைக்கழகத்துல 2004லயே வந்துச்சு. சமுதாய வானொலிங்கறது சின்ன பவர்ல சுத்துவட்டாரத்துக்கு மட்டும் கேக்கற ரேடியோ, நிகழ்ச்சியில பாதியாவது அந்த ஏரியா மக்களை வெச்சுப் பண்ணணும்ங்கறது விதி. அந்த ஏரியா மக்கள்ங்கற வார்த்தையில ஒடியா பேசறவனும் வருவான்தானே? வாரத்துல ஒரு மணி நேரம் ஒடியா, ஒரு மணி நேரம் போஜ்புரி, என்ன குறைஞ்சிடப் போகுது.

இந்த எடத்துல தம்பி குறுக்க பூந்தான், அண்ணே இப்டிச் சொல்லிச் சொல்லித்தான் ஹிந்தியை உள்ள விடப் பாக்கறாங்கன்னு. அவன் கோவம் எனக்குப் புரியுது, இந்த ஊர்ல அந்தக் கோவத்துக்கு ஒரு வரலாறு இருக்கு, நானும் அந்தப் பக்கம்தான். ஆனா ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டக் கூடாது. அரசாங்கம் நீ இதைப் படிச்சே ஆகணும்னு உன் மேல ஏத்தறது வேற, கரண்ட் ஒயர் தொங்குதுன்னு ஒருத்தனுக்கு அவன் பாஷையில சொல்றது வேற. அதுவும் இல்லாம வடக்கேர்ந்து வர்றவன் எல்லாம் ஹிந்திக்காரன்னு நெனக்கறதே நம்ம சோம்பேறித்தனம், ஒடியா, வங்காளம், அசாமி, போஜ்புரி, மைதிலி, சந்தாலின்னு ஒரு ஷெட்டுக்குள்ளயே நாலு பாஷை இருக்கு, அதுல பல பேருக்கு ஹிந்தி நமக்கு இங்கிலீஷ் மாதிரிதான். சிங்கப்பூர்ல கட்டடம் கட்டற எடத்துல தொங்கற போர்டைப் பாத்திருக்கீங்களா? நாலு பாஷையில எழுதியிருப்பான், அதுல தமிழ்ல 'அபாயம்'னு இருக்கும். அந்த ஒத்த வார்த்தையைப் பாத்ததும் நம்ம ஊர்க்காரனுக்கு என்ன தோணும்? இவங்க என் உசிரைக் கணக்குல வெச்சிருக்காங்கன்னு தோணும். அவ்வளவுதான் கேக்கறோம்.

மீடியாவோட ரெண்டாவது வேலை கொஞ்சம் சிக்கல், யாரை எப்படிக் காட்டறதுங்கறது. 2012 பிப்ரவரியில வேளச்சேரியில வங்கிக் கொள்ளை சந்தேகத்துல 5 பேரை போலீஸ் சுட்டுக் கொன்னாங்க. அதுக்கப்புறம் வாடகைக்கு இருக்கறவங்க விவரத்தை ஸ்டேஷன்ல கொடுக்கணும்னு உத்தரவு வந்துச்சு, டிவியில நாள் முழுக்க அதே பேச்சு. அப்ப எங்க ஏரியாவுல டூ-லெட் போர்டு மாட்டியிருந்த வீட்டுக்காரங்க கேட்ட மொதக் கேள்வியே 'பசங்க எந்த ஸ்டேட்டு?'தான். ரெண்டு வருஷம் கழிச்சு, 2014 ஜூன் 28, மவுலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில சரிஞ்சு 61 பேரு செத்தாங்க. ஆந்திரா, ஒடிசா, நம்ம ஊர்ல வறண்ட மாவட்டம்னு பல எடத்துலேர்ந்து வந்த கூலிக்காரங்க. நம்ம ஃப்ளாட்டையெல்லாம் யாரு கட்டறாங்கன்னு சென்னையில பல பேருக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. திருடினா தலைப்புலயே 'வடமாநில' வந்துடும். சாரத்துலேர்ந்து விழுந்தா 'தொழிலாளி பலி', உள்ள நாலாவது வரியில ஊர் பேரு. இது ஏதோ ஒரு பேப்பர் பண்ற தப்பு இல்ல, எழுதற நமக்கே பழகிப்போன கை. சினிமாவுலயும் ரொம்ப நாளா இவங்களுக்கு ரெண்டே வேஷம், ஒண்ணு காமெடிக்கு பான் மென்னுக்கிட்டே தமிழைக் கடிச்சுத் துப்பறவன், இல்லன்னா ராத்திரி கதவை ஒடைக்கறவன். 'வடக்கன்'ங்கற வார்த்தை மீம்ல சிரிப்பா இருக்கும், பக்கத்து டேபிள்ல தண்ணி வைக்கற பையன் காதுல விழறப்ப சிரிப்பா இருக்காது. அவனுக்கு தமிழ் நல்லாவே புரியும், நாமதான் புரியாதுன்னு நெனச்சிட்டிருக்கோம்.

பேரு வெக்கறதுல இருக்கற பவரை அரசாங்கமும் அப்பப்ப புரிஞ்சுக்குது. கேரளாவுல 'அதிதி தொழிலாளி'ன்னு, அதாவது விருந்தாளித் தொழிலாளின்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, சங்காதின்னு ஒரு திட்டம் போட்டு மலையாளமும் சொல்லிக் கொடுத்தாங்க. இங்க 2021ல இலங்கை அகதிகள் முகாம்ங்கற பேரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க. பேரு மாறினதால ஓட்டு வீடு மாடி வீடு ஆகாதுதான். ஆனா முப்பது நாப்பது வருஷம் இங்கயே பொறந்து வளர்ந்த புள்ளைக்கு ஸ்கூல் ஃபாரத்துல அகதின்னு எழுத வேண்டியிருக்கறது என்ன மாதிரி இருக்கும்னு யோசிங்க. விருந்தாளிங்கற பேருல எனக்கு ஒரு நெருடல் உண்டு, அது நல்ல வார்த்தைதான், ஆனா விருந்தாளின்னா எப்ப கெளம்பறீங்கன்னு மனசுக்குள்ள ஒரு கேள்வியும் சேர்ந்தே வருதே.

இனி கலை. இதுக்கு உலகத்துல எல்லாரும் சொல்ற உதாரணம் லண்டன் நாட்டிங் ஹில் கார்னிவல், ஆனா அது எப்படி ஆரம்பிச்சுதுன்னு பல பேரு சொல்றதில்ல. 1958ல அந்த ஏரியாவுல கரீபியன் தீவுகள்லேர்ந்து வந்த கறுப்பின மக்கள் மேல வெள்ளைக்கார இளைஞர்கள் கூட்டம் கூட்டமா பாய்ஞ்சு பெரிய கலவரம் ஆச்சு. அங்க கிளாடியா ஜோன்ஸ்னு ஒரு அம்மா, டிரினிடாட்ல பொறந்தவங்க, அமெரிக்காவுலேர்ந்து நாடு கடத்தப்பட்டு லண்டன் வந்தவங்க, வெஸ்ட் இண்டியன் கெஸட்னு ஒரு பத்திரிகை நடத்திட்டிருந்தாங்க. கலவரம் முடிஞ்ச நாலஞ்சு மாசத்துல, 1959 ஜனவரி குளிர்ல, ஒரு டவுன் ஹாலுக்குள்ள கரீபியன் கார்னிவலை நடத்திக் காட்டினாங்க. அப்புறம் 1966ல தனியா தெருவுல ஒரு திருவிழா ஆரம்பிச்சு, இன்னிக்கு லட்சக்கணக்குல கூட்டம் கூடுது. பத்திரிகை நடத்தினவங்களே விழாவும் நடத்தினாங்க பாருங்க, அதுதான் பாயிண்ட். லண்டன்காரன் கூப்பிட்டு எங்க மேடையில வந்து ஆடுங்கன்னு சொல்லல, அவங்க மேடையை அவங்களே போட்டாங்க, ஊரு வந்து சேர்ந்துச்சு.

சிங்கப்பூர்ல 2014ல வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குன்னு கவிதைப் போட்டி ஆரம்பிச்சாங்க. மொதல்ல பங்களாதேஷ்காரங்க வங்காளத்துல எழுதினாங்க, பின்னாடி தமிழும் மத்த பாஷையும் சேர்ந்துச்சு. பகல்ல கப்பல் பட்டறையில வெல்டிங், ராத்திரி டார்மிட்டரியில நோட்டும் பேனாவும். ஜட்ஜு கேள்வி கேக்கறப்ப அவன் வொர்க் பெர்மிட் நம்பர் இல்ல, கவிஞன். நம்ம ஊர்லேர்ந்து போன பையன் அங்க கவிஞன்னா, ஒடிசாவுலேர்ந்து இங்க வந்த பையனும் ஏதோ ஒரு நோட்டுல எழுதிட்டுத்தான் இருப்பான், நாம கேட்டதே இல்ல.

சென்னையிலயே இதுக்கு பக்கத்துல வர்ற முயற்சி ரெண்டு மூணு நடந்திருக்கு, ஆனா நேரா வெளிமாநிலத்துக்காரங்களுக்காக இல்ல. 2015ல பெசன்ட் நகர் ஓரத்துல ஊரூர் ஆல்காட் குப்பத்துல கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் மாதிரி ஆளுங்க ஊர்க்காரங்களோட சேர்ந்து ஒரு விழா ஆரம்பிச்சாங்க, சபாவுல கேக்கற கர்நாடக சங்கீதம் மீன் காயற மணல்ல, அதே மேடையில பறையும். அங்க இருக்கறவங்க வந்தவங்க இல்ல, நகரம் வர்றதுக்கு முன்னாடியே இருந்தவங்க, அவங்களையே ஒதுக்கி வெச்ச ஊரு இது. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற இசைக்குழு பாடினப்ப, சாவு வீட்டுப் பாட்டுன்னு தள்ளி வெச்ச கானா மேடையேறுச்சு, பாடினவங்க கையில மைக் இருந்துச்சு, அவங்க சொல்ல வந்ததையே பாடினாங்க. உள்ளூர் ஆளுக்கே இதுக்கு இவ்ளோ வருஷம் ஆச்சு. அதனால போஜ்புரிக்காரன் நாளைக்கே மியூசிக் அகாடமியில பாடுவான்னு நான் கனவு காணல.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கலையை வெச்சு கண்ணுல மண்ணைத் தூவறதும் நடக்கும். கண்ணகி நகரை எடுத்துக்கங்க, நகரத்துக்குள்ள ஆத்தோரம் ரோட்டோரம் இருந்த ஜனங்களை வண்டியில ஏத்தி இருபது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் குடி வெச்ச எடம், ஒரே ஊருக்குள்ள நடந்த புலம்பெயர்வுன்னு சொல்லலாம். அங்க 2020 வாக்குல ஸ்டார்ட் இந்தியாங்கற தெரு ஓவிய அமைப்பு பெரிய பெரிய சுவர் ஓவியம் வரைஞ்சு ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்னு பேரு வெச்சாங்க. நான் போய்ப் பாத்தேன், நிஜமாவே அழகு, சின்னப் பசங்க எங்க பிளாக்ல இந்தப் படம்னு கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. அதுவரைக்கும் வேலைக்குப் போறப்ப அட்ரஸை மாத்திச் சொன்ன ஊரு அது, அந்தப் பசங்க மூஞ்சியில இருந்த பெருமையை நான் சின்னதா நெனக்கல. ஆனா அதே சுவரு உள்பக்கம் ஒழுகுதுன்னு ஒரு அக்கா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினாங்க. வெளிய மயில், உள்ள பாசி. ரெண்டும் உண்மை. படம் வரையக் கூடாதுன்னு சொல்லல, வரையறதோட பிளம்பரும் வரணும்.

அதே மாதிரி இன்னொரு பொறி, வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா மாநிலக்காரங்களையும் கூப்பிட்டு அவங்கவங்க டிரெஸ் போட்டு ஒரு டான்ஸ், ஒரு போட்டோ, ஒரு பிரியாணி பொட்டலம். முடிஞ்சுது. மேடை போட்டவன், நாற்காலி அடுக்கினவன், மறுநாள் குப்பை அள்ளினவன் யாருன்னு பாத்தா அதே ஆளுங்கதான். பட்டினப்பாக்கம், மெரினா பக்கம் பீகார்க்காரங்க சத் பூஜை பண்றப்ப கடல்ல நின்னு சூரியனுக்குப் படைப்பாங்க, யாரும் கூப்பிடாம, யாரும் ஸ்பான்சர் பண்ணாம. ஒரு சாயங்காலம் போய் நின்னு பாருங்க. பக்கத்துல சுண்டல் விக்கற அம்மா 'எந்த சாமிப்பா இது'ன்னு கேப்பாங்க, பூஜை பண்ற பொண்ணு ஒண்ணு தெரிஞ்ச தமிழ்ல சொல்லும். எனக்கு அந்தப் பேச்சுதான் அந்தக் கூட்டம் மொத்தத்தையும்விடப் பெருசாத் தெரிஞ்சுது.

பாட்டு போட்டாத்தான் ரேடியோவை அணைக்க மாட்டான்னு சொன்னேன்ல, அது எங்க அப்பார்ட்மெண்ட்ல கத்துக்கிட்டது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க பக்கத்துக் கட்டட சைட்ல தொழிலாளிங்க தங்கற ஷெட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு, தண்ணி வருதுன்னு எங்க குரூப்ல முந்தின ராத்திரியே மெசேஜ் போட்டிருந்தோம், சுத்தத் தமிழ்ல, அவங்க யாருக்கும் போகல. அடுத்த வருஷம் மழைக்கு முன்னாடி நாங்க புத்திசாலித்தனமா மொபைல்ல ஹிந்திக்கு மொழிபெயர்த்து நோட்டீஸ் ரெடி பண்ணி எங்க செக்யூரிட்டிகிட்ட காட்டினோம். அவன் ஒடிசாக்காரன், பாத்துட்டு சிரிச்சான். சார், அங்க இருக்கறவங்க முக்காவாசி ஒடியா, மூணாவது வரி தப்பு, அதுவும் இல்லாம இவ்ளோ பெருசா யாரும் படிக்க மாட்டாங்க, வாய்ஸ் போடுங்கன்னான். நீயே பேசிப் போடுன்னு சொல்லிட்டோம். அவனே ஒரு குரூப் ஆரம்பிச்சு எங்களையும் அதுல சேர்த்தான். வாய்ஸ் வந்துச்சு, கேட்டா மொத இருபது செகண்டு பாட்டு, அப்புறம்தான் எந்த கேட் தொறந்திருக்கும், எந்த மாடிக்கு வரலாம், யாருக்கு போன் பண்ணணும்னு விஷயம். எதுக்குப்பா பாட்டுன்னு கேட்டதுக்கு 'பாட்டு இல்லன்னா எவனும் கடைசி வரைக்கும் கேக்க மாட்டான் சார்'னான்.

போன வாரம் அதே குரூப்ல இன்னொரு வாய்ஸ் வந்துச்சு, மூணு நிமிஷம், பின்னாடி யாரோ தகர டப்பாவுல தாளம் போடறாங்க, முழுக்கப் பாட்டுதான், மழையும் இல்ல, கேட்டும் இல்ல, விஷயம்னு ஒண்ணுமே இல்ல. எங்க பிளாக் அங்கிள் ஒருத்தரு 'இது எதுக்கு இங்க'ன்னு கேட்டு வெச்சிருக்காரு. நான் இன்னும் பதில் போடல, மறுபடி ஒரு தடவை கேட்டுட்டிருக்கேன்.